ஸ்லீப்பர் கட்டையில் மேட்டுப்பாத்தி: கட்டியது இரண்டு, பிரித்தது ஒன்று

கேள்வி இது: "அண்ணா, மெல்பர்ன் மேற்கே டார்னீட்டில் புது வீட்டுக்கு வந்துவிட்டோம். பின்பக்கம் வெறும் களிமண். ஸ்லீப்பர் கட்டை (தோட்ட வேலைக்கு விற்கும் கனமான நீளப் பலகை) வைத்து வெண்டை, கத்தரி, கீரைக்கு மேட்டுப்பாத்தி கட்டலாம் என்று இருக்கிறோம். எந்தக் கட்டை வாங்குவது? மழைக்கு எந்த பெயின்ட் அடிப்பது? உள்ளே பிளாஸ்டிக் விரிக்க வேண்டுமா? பழைய ரயில் கட்டை மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா? பத்து வருஷமாவது தாங்குமா?"

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். சரியாகக் கட்டினால் பத்து வருஷம் தாராளமாகத் தாங்கும். ஆனால் பெயின்ட்டுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது.

மெல்பர்ன் மேற்கில் நான் முதலில் கட்டிய பாத்தி ஏழாவது வருஷம் மூலையில் வாயைப் பிளந்தது. பார்த்துப் பார்த்து எண்ணெய் பூசிய பாத்தி அது. பிரித்துப் பார்த்தேன். பக்கவாட்டில் தட்டினால் கட்டை கிண்ணென்று இருக்கிறது. அறுத்த முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் கைப்பிடி வரை இறங்குகிறது. வெளியே இழுத்தால் கூடவே பழுப்பாக ஈரத் தூள் வருகிறது. சுற்றிலும் ஒரு விரல் கனத்துக்கு மரம் உறுதியாக நிற்க, நடுவில் மட்டும் உதிர்ந்து போயிருந்தது. புட்டுக்குழலும் உள்ளே புட்டும் மாதிரி.

காரணம் பிறகுதான் புரிந்தது. நம் ஊரில் மரம் வாங்கினால் வைரம் பாய்ந்த கட்டையா என்றுதான் முதலில் பார்ப்போம். தேக்கில் நடுவில் இருக்கும் வைரம்தான் பலம், அதைச் சுற்றியிருக்கும் வெளிறு பூச்சிக்குப் போய்விடும். இங்கே ஸ்லீப்பராக விற்கும் ரேடியேட்டா பைன் இதற்குத் தலைகீழ். அந்த மரத்துக்கு இயற்கையாக உளுக்காமல் நிற்கும் சக்தி மிகக் குறைவு. மண்ணில் புதைத்தால் 5 வருஷத்துக்குள் போய்விடும் என்று ஆஸ்திரேலியத் தரப்பட்டியல் அதைக் கடைசி வகுப்பில் வைத்திருக்கிறது. அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றும் செம்பு மருந்துதான் அதற்கு ஆயுள். அந்த மருந்தை வெளிறு நன்றாகக் குடிக்கும், வைரம் அவ்வளவாகக் குடிக்காது. ஆக, கட்டையின் வெளிப்புறம் கவசம், நடுப்பகுதி ஏறக்குறைய மருந்து ஏறாத வெறும் மரம். நாம் ரம்பத்தை வைத்துக் குறுக்கே அறுத்த கணத்தில் கவசத்தில் ஓட்டை விழுகிறது. அந்த அறுத்த முகத்தைத்தான் நான் அப்படியே ஈர மண்ணுக்குள் வைத்திருந்தேன்.

இன்னொன்று. மழைக்குப் பயப்படுகிறீர்கள். டார்னீட் பக்கம் வருஷம் முழுக்கப் பெய்யும் மழை சென்னை மழையில் பாதிகூட வராது. பாத்திக் கட்டைக்கு உண்மையான ஈரம் உள்ளேயிருந்துதான் வருகிறது. இங்கே வெயில் காலமான நவம்பரிலிருந்து மார்ச் வரை நாம் தினமும் ஊற்றும் தண்ணீரும், அதைப் பிடித்து வைத்திருக்கும் உரமண்ணும் கட்டையின் உள்முகத்தில் சாய்ந்துகொண்டே இருக்கின்றன. மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் இரண்டும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வேலை செய்யாது. அதனால் தண்ணீரே படாமல் தடுக்கப் பார்ப்பது வீண் முயற்சி. பட்ட தண்ணீர் வடியவும் காயவும் வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கீழே சொல்லப்போவது எல்லாம் இதற்காகத்தான்.

எந்தக் கட்டை என்றால், கையில் காசு இருந்தால் ரிவர் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரம், இல்லையென்றால் மருந்து ஏற்றிய பைன். ரெட் கம் அதே தரப்பட்டியலில் மண்ணுக்குள்ளேயே 15 முதல் 25 வருஷம் என்ற இரண்டாம் வகுப்பு. இன்னொரு யூகலிப்டஸான அயர்ன்பார்க் கிடைத்தால் முதல் வகுப்பு, 25 வருஷத்துக்கும் மேல். ஆனால் அதில் துளை போடுவதற்குள் கை விட்டுப்போகும். மெர்பா என்ற மரத்தைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். மேடை, டெக் போட அது அருமையான மரம். மண்ணில் தொட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில் மூன்றாம் வகுப்புதான். மழையில் செங்காவிச் சாறு வேறு வடிந்து சிமென்ட் தரையைக் கறையாக்கும்.

பைன் வாங்கினால் கட்டையின் முனையில் அடித்திருக்கும் சீட்டையோ முத்திரையோ படியுங்கள். அதில் மூன்று விஷயம் இருக்கும்: மருந்து ஏற்றிய ஆலையின் எண், மருந்தின் எண், கட்டையை எங்கே வைக்கலாம் என்று சொல்லும் எச் வகுப்பு. எச்3 என்றால் தரைக்கு மேல், வெயில் மழையில் நிற்கலாம். மண்ணைத் தொடலாம் என்றால் எச்4. பாத்திக்கு எச்4க்குக் குறைந்து எதையும் எடுக்காதீர்கள். வேலிக்கு வாங்கி மிஞ்சிய பலகை என்று யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

மருந்து எது என்பதுதான் காய்கறி போடுகிறவர்களுக்கு முக்கியம். பழைய மருந்து சி.சி.ஏ. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்தது. 2006இல் ஆஸ்திரேலியாவின் பூச்சிக்கொல்லி ஒழுங்குமுறை ஆணையம் அதைக் குழந்தைகள் விளையாடும் சாதனம், பிக்னிக் மேசை, வீட்டு டெக், கைப்பிடி போன்றவற்றுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று நிறுத்தியது. தோட்டக் கட்டைகள் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. ஆர்சனிக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குக் கசிகிறது, பெரும்பாலும் கட்டையை ஒட்டிய சில சென்டிமீட்டருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பயந்து நடுங்க வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் வேரோடு பிடுங்கி ரசத்தில் போடும் கொத்தமல்லிக்கும், முள்ளங்கிக்கும், மண்ணைத் தின்று பார்க்கும் வயசுப் பிள்ளைக்கும் பக்கத்தில் அது எதற்கு? ஆர்சனிக் இல்லாத ஏ.சி.க்யூ அல்லது காப்பர் அசோல் என்ற செம்பு மருந்து ஏற்றிய கட்டை கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூடும். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, எல்லாமே பச்சையாகவோ சாயம் சேர்த்துப் பழுப்பாகவோ இருக்கும். சீட்டில் இருக்கும் மருந்து எண்ணைக் காட்டிக் கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் தலையைச் சொறிந்தால் வேறு கடை.

ரயில் கட்டையை விட்டுவிடுங்கள். பார்க்க அழகு, எடை வைத்தால் நாலு பேர் தூக்க வேண்டும், கெட்டி மரம்தான். ஆனால் முப்பது நாற்பது வருஷம் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து எஞ்சின் எண்ணெயும் களைக்கொல்லியும் குடித்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த கட்டை என்றால் கிரியோசோட் தார் வேறு. வெயில் ஏறினால் கசியும், தோலில் பட்டால் எரியும். பூச்செடி ஓரத்துக்கு வேண்டுமானால் யோசிக்கலாம், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

கடையில் கட்டையை எடுக்கும்போது ஒரு முனையைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள். வில்லாக வளைந்ததை ஒதுக்குங்கள். கொஞ்சம் வளைவைத் திருகாணி இழுத்துக்கொள்ளும், முறுக்கை எதுவும் இழுக்காது.

அளவு சுலபம். 2.4 மீட்டர் நீளம், 200 மி.மீ. உயரம், 50 மி.மீ. கனம் உள்ள கட்டைதான் எல்லா இடத்திலும் கிடைப்பது. ஒரு வரிசைக்கு மூன்று: இரண்டு நீளப்பக்கம், மூன்றாவதைச் சரிபாதியாக அறுத்தால் இரண்டு குறுக்குப் பக்கம். இரண்டு வரிசை வைத்தால் 400 மி.மீ. உயரம், மொத்தம் 6 கட்டை. 1.2 மீட்டர் அகலத்துக்கு மேல் போகாதீர்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் கை நடு வரை எட்ட வேண்டும், இல்லாவிட்டால் களை எடுக்க உள்ளே ஏறி மண்ணை மிதிப்பீர்கள். முடிந்தால் 75 மி.மீ. கனக் கட்டை வாங்குங்கள். இரண்டு மடங்கு எடை மாதிரி முதுகுக்குத் தெரியும், ஆனால் பிதுங்காது.

இடம் பார்ப்பதில் இரண்டு தவறு எல்லோரும் செய்வது. ஒன்று, வேலியையே பாத்தியின் ஒரு பக்கமாக வைத்துக்கொள்வது. வேலிப் பலகை மண்ணைத் தாங்கச் செய்ததல்ல. சீக்கிரமே அடி உளுத்துப்போகும், பக்கத்து வீட்டுக்காரர் முகம் மாறும். ஒரு ஆள் நுழையும் இடைவெளி விடுங்கள். இரண்டு, வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டுவது. செங்கல் சுவரின் அடியில் ஆங்காங்கே காரை வைக்காமல் விட்ட துளைகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அவை சுவருக்குள் இறங்கும் தண்ணீர் வெளியே வர வைத்தவை. அதை மண்ணால் மூடக்கூடாது. கரையான் சுவர் ஏறினால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வீட்டின் கான்கிரீட் தளத்தின் விளிம்பும் 75 மி.மீ. வெளியே தெரிய வேண்டும். அதோடு நம் பக்கத்துக் களிமண் ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். சுவர் ஓரத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினால் வீட்டின் ஒரு பக்கம் மட்டும் தூக்கி, உள்ளே சுவரில் விரிசல் விழும். புது வீடு, ஜாக்கிரதை.

தோண்டுவதற்கு முன்னால் பிஃபோர் யூ டிக் இணையதளத்தில் விலாசத்தைக் கொடுத்தால் கேபிள், கேஸ் குழாய் வரைபடம் இலவசமாக அனுப்புவார்கள். 400 மி.மீ. பாத்திக்கு நம் விக்டோரியா மாநிலத்தில் அனுமதி எதுவும் தேவையில்லை. 1 மீட்டரைத் தொட்டாலோ, பக்கத்து நிலத்தைத் தாங்கும் சுவராக அது மாறினாலோதான் அந்தப் பேச்சு வரும்.

இனிக் கட்டுவது. புல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு, கட்டை உட்காரும் சுற்றுக்கு மட்டும் மண்வெட்டி அகலத்தில் 100 மி.மீ. ஆழ வாய்க்கால் வெட்டுங்கள். நடுவில் எரிமலைக் கல் ஒன்று கட்டாயம் தட்டுப்படும், கடப்பாரையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் பாதி வரை உடைத்த ஜல்லி கொட்டிக் குத்துங்கள். கட்டை இந்த ஜல்லியின் மேல்தான் உட்கார வேண்டும், களிமண்ணின் மேல் அல்ல. மட்டம் பார்க்க இதுதான் சமயம். முதல் வரிசையில் அரை மணி நேரம் அதிகம் செலவழித்தால் மேல் வரிசை தானாக உட்காரும்.

உள்பக்க மூலை நான்கிலும், நீளப்பக்கத்தின் நடுவில் இரண்டு இடத்திலும் எச்4 முளை, அதாவது மண்ணில் நட்டு நிறுத்தும் குட்டைக் கால். 75 மி.மீ. சதுரக் கட்டை, 750 மி.மீ. நீளம் போதும், 350க்கு மேல் மண்ணுக்குள் இறங்கட்டும். நடு முளையை மிச்சம் பிடிக்காதீர்கள். இந்தப் பாத்திக்குள் சுமார் 1.1 கன மீட்டர் மண் போகும், ஈரமாக இருக்கும்போது ஒன்றரை டன்னை நெருங்கும். நடுவில் பிடிப்பு இல்லாத 50 மி.மீ. கட்டை இரண்டாவது கோடையில் வயிறு தள்ளிவிடும். முளையைச் சுற்றி கான்கிரீட் ஊற்றாதீர்கள். காய்ந்த கான்கிரீட் ஒரு டம்ளர் மாதிரி, முளையின் காலைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டே இருக்கும். கீழே கைப்பிடி ஜல்லி, சுற்றிலும் அதே மண்ணைக் குத்தி இறுக்கினால் போதும்.

மூலையில் ஒரு கட்டையின் முகத்திலிருந்து அடுத்த கட்டையின் அறுத்த முனைக்குள் திருகாணி விடுவதுதான் வழக்கம். பார்க்க இறுகப் பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் நார் போகும் திசையில் இறங்கிய திருகாணிக்குப் பிடி கிடையாது, மண் தள்ளினால் கழன்று வரும். இரண்டு கட்டையையும் தனித்தனியாக உள்ளே நிற்கும் முளையோடு பிடியுங்கள். இதில் திருகாணி நாருக்குக் குறுக்கே இறங்குகிறது. ஒரு சந்திப்புக்கு இரண்டு, 14 கேஜ், 100 மி.மீ. பியூகிள் ஸ்க்ரூ (தலை மரத்துக்குள் பதியும் திருகாணி). மேலே ஒன்று கீழே ஒன்று நேர்க்கோட்டில் இல்லாமல் கொஞ்சம் விலக்கிப் போட்டால் கட்டை பிளக்காது. முனைக்கு அருகில் முன்துளை போடாமல் விடாதீர்கள். திருகாணி ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது) அல்லது ஸ்டெயின்லஸ் மட்டும். மஞ்சளாகப் பளபளக்கும் சாதாரணத் துத்தநாகப் பூச்சுத் திருகாணியை இந்தச் செம்பு மருந்து, குறிப்பாக ஏ.சி.க்யூ, சீக்கிரம் அரித்துவிடும்.

இரண்டு வரிசைக்கு நடுவில் ஆங்காங்கே 3 மி.மீ. பிளாஸ்டிக் சில்லு வைத்தேன், இரண்டாவது பாத்தியில். கட்டை மேல் கட்டை ஒட்டி உட்கார்ந்தால் நடுவில் தண்ணீர் தங்கும். இந்தச் சந்து வழியாகக் காற்று போகிறது. என் வீட்டம்மா இன்றைக்கும் அதைக் கட்டுமானக் குறை என்றுதான் நினைக்கிறார்.

இப்போது அந்த அறுத்த முகம். காப்பர் நாப்தனேட் கலந்த மரக்காப்பு மருந்து, பச்சையாக, சிறு டப்பாவில் கிடைக்கும். அறுத்தவுடன், மரம் பிரெஷ்ஷாக இருக்கும்போதே பூச வேண்டும். முனைதான் மரத்தின் வாய், அங்கே நார்க்குழாய்கள் எல்லாம் திறந்து கிடக்கும். முதல் பூச்சு பிரஷ் வைத்த இடத்திலேயே காணாமல் போகும். ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி, அப்புறம் ஒரு முறை, குடிப்பதை நிறுத்தும் வரை. முன்துளைக்குள்ளும் ஒரு சொட்டு. முடிந்தவரை ஆலையில் அறுத்த முனையே மண்ணுக்குள் போகும்படியும், நீங்கள் அறுத்த முனை மேலே வரும்படியும் வையுங்கள். முளைக்கு இது கட்டாயம். இந்த ஒரு வேலைக்குச் செலவு ஒரு சின்ன டப்பாவும் அரை மணி நேரமும். நான் முதல் பாத்தியில் விட்டது இதைத்தான்.

அறுக்கும்போது தூளைத் தடுக்கும் பி2 முகக்கவசம், கையுறை. கீழே ஒரு தார்ப்பாய் விரித்துத் தூளை அள்ளிப் பொதுக் குப்பையில் போடுங்கள், தோட்டக் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் வேண்டாம். மிஞ்சிய துண்டைப் பார்பிக்யூ அடுப்பில் வைக்கலாமே என்று ஒரு மாமா கண்டிப்பாகச் சொல்வார். கூடவே கூடாது. சி.சி.ஏ கட்டையை எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் இருக்கும்.

உள்ளே பிளாஸ்டிக் விரிப்பது பற்றி. வேண்டும், ஆனால் பக்கத்துக்கு மட்டும். அடியில் விரித்தால் பாத்தி தொட்டியாகிவிடும், வேர் அழுகும். பக்கத்துக்கும் மெல்லிய கறுப்பு ஷீட்டை மரத்தோடு ஒட்ட ஸ்டேப்ளர் அடிப்பது உதவியைவிடக் கெடுதல். மேலிருந்து இறங்கும் தண்ணீர் ஷீட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், காயவே காயாது. கட்டட வேலையில் அடித்தளச் சுவருக்கு வைக்கும் குமிழ் ஷீட் இருக்கிறது, முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக. மேடு மரத்தைப் பார்க்கும்படி வைத்தால் பின்னால் காற்று ஓடும், தண்ணீர் இறங்கி ஜல்லிக்குப் போய்விடும். மேல் விளிம்பு கட்டையின் உச்சிக்கு இரண்டு விரல் கீழே நிற்கட்டும், மண்ணும் அந்த விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கட்டும்.

பெயின்ட்டுக்கு வருகிறேன். பெயின்ட், வார்னிஷ் இரண்டுமே வேண்டாம். மேலே தோலாகப் படியும் எதுவும் உள்முகத்திலிருந்து வரும் ஈரத்தில் கொப்புளித்து உரியும், உரிந்த இடத்தில் தண்ணீர் புகுந்து தோலுக்கு அடியில் தங்கும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய் வகை நல்லது, அதிலும் நிறம் சேர்த்தது. இந்த ஊர் ஜனவரி வெயிலுக்கு நிறமில்லாத எண்ணெய் நிற்காது. ஆனால் புதுக் கட்டை மருந்து நீரில் ஊறி வந்தது. சில வாரம் காய விடுங்கள். நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், உருண்டு நின்றால் இன்னும் பொறுங்கள், உறிஞ்சினால் பூசலாம். வெளிமுகமும் மேல் விளிம்பும் போதும். மேல் விளிம்பில்தான் வெயிலும் தண்ணீரும் மாறி மாறிப் பட்டு விரிசல் விழும், அங்கே இன்னொரு கை தாராளமாக. பூசாமலே விட்டால் என்ன ஆகும்? சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். அது வெயில் பட்ட மேல்தோல், உளுத்தது அல்ல. என் இரண்டாவது பாத்திக்கு எண்ணெயே போடவில்லை. ஒன்பதாவது வருஷம் நடக்கிறது, ஸ்க்ரூடிரைவர் எந்த முனையிலும் இறங்கவில்லை.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி கராஜில் போட்டுவிடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானாகத் தீப்பிடிக்கும். வெளியே வேலியில் விரித்துக் காயப்போட்டு அப்புறம் குப்பைக்கு.

மண் கொட்டும் முன்னால் அடிக் களிமண்ணைக் கொத்தி ஜிப்சம் தூவிவிடுங்கள். கிக்குயூ என்ற படர்ந்து பரவும் புல் இருந்த இடம் என்றால் வீடு மாறிய அட்டைப் பெட்டிகளை டேப் உரித்து இரண்டு அடுக்காக விரியுங்கள். சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டால் கட்டை நனைவது வெகுவாகக் குறையும். ஹோஸ் வைத்துப் பீய்ச்சினால் மாலை முழுக்கக் கட்டைக்குத்தான் குளியல். மண்ணை ஷீட் விளிம்பை ஒட்டி நிரப்பினாலும் முதல் வருஷத்தில் நன்றாக இறங்கும், பயப்பட வேண்டாம், உரம் போட்டு நிரப்புங்கள்.

ஆகஸ்டில் கட்டி முடித்தீர்களானால் மண் அமர நேரம் கிடைக்கும். செப்டம்பரில் கொத்தமல்லியும் வெந்தயமும் தூவுங்கள். வெண்டையை நவம்பருக்கு முன்னால் நேரடியாகப் போட்டு விதையை வீணாக்க வேண்டாம், மண் சூடேறாமல் அது முளைக்காது. அதுவரைக்கும் நாற்றை ஜன்னல் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.